பழைய மோட்டார் வண்டியும் மாற்று என்ஜினும்

மனிதனால் ஆக்கப்பெற்ற பொருள் யாவும் மூப்படைவன. மூப்படைந்ததனை எறிந்துவிட்டுப் புதியதொன்று வாங்குதல் ஒரு வழி. பழுது பார்த்து அதனையே மீட்டும் ஆளுதல் மற்றொரு வழி. இவ்விரண்டற்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் உண்டு. பழைய வண்டியின் உடலை வைத்துக்கொண்டு, அதன் என்ஜினை நீக்கி, அதனினும் திறன் மிக்க வேறோர் என்ஜினை அதன்கண் அமைத்தலே அது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இளைஞர் பலர் இவ்வேலையைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்து வருகின்றனர். நமது கல்லூரியின் பழைய மாணவரும் இப்பொழுது கலிபோர்னியாவில் வாழ்பவருமாகிய நண்பரொருவர், 1993 ஆம் ஆண்டுச் சிவிக் வண்டியொன்றை வாங்கி, அதற்கு எந்த என்ஜின் பொருந்தும், எவ்வாறு பொருத்துவது, பொருத்தத்தான் வேண்டுமா என்று எமக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய விடை மாணவர் பலர்க்கும் பயன்படுமெனக் கருதி, அதனையே ஈண்டு விரித்து எழுதலுற்றோம். முறுக்குவிசை, திறன், ஆற்றல், வெப்பம் என்று பௌதிக வகுப்பில் தனித்தனியே படிப்பவை ஒரே பொருளிடத்து ஒன்றோடொன்று போராடுவதைக் காண விரும்புவோர்க்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்தல் அரிது.

முதற்கண் வண்டியை அறிந்துகொள்வோம். ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் சிவிக் என்னும் சிறு வண்டியை 1972 இல் வெளியிட்டனர். நம் நண்பர் வாங்கியது அதன் ஐந்தாம் தலைமுறை. இது 1991 இல் ஜப்பானில் வெளிவந்தது. அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரையுள்ள ஆண்டுகளின் பெயரால் விற்கப்பட்டது. ஆர்வலர் இதனை ஈ.ஜி. என்னும் இரண்டெழுத்தால் அழைப்பர். இது ஹாச்பேக் வகையைச் சேர்ந்தது. அஃதாவது, சாமான் வைக்கும் பின்பகுதி தனிப்பெட்டியாக நீண்டிராது, பின்கதவைத் திறந்தவுடன் ஆசனங்களின் பின்புறத்தோடு ஒன்றாகிவிடும். இவ்வண்டியில் அக்கதவும் இருகூறாகிக் கண்ணாடிப் பாதி மேனோக்கியும் தகட்டுப் பாதி கீழ்நோக்கியும் திறக்கும். வண்டியின் எடை, மிக இலேசான வகையில், ஏறக்குறைய 950 கிலோகிராம் மாத்திரமே. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டைக் கைகளையுடைய தொங்கலமைப்பு உண்டு. இவ்வளவு இலேசான உடலும் இவ்வளவு நல்ல தொங்கலமைப்பும் சிறு விலை வண்டியில் ஒருங்கே அமைதல் அரிதாதலின், முப்பது ஆண்டு கடந்தும் இதனை நாடுவோர் குறையவில்லை.

ஒரே உடலுக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு என்ஜின் வைத்து விற்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவில் சி.எக்ஸ். என்ற வகைக்கு 70 குதிரைத்திறன், டி.எக்ஸ். என்ற வகைக்கு 102, எஸ்.ஐ. என்ற வகைக்கு 125. இம்மூன்றும் ஒற்றைக் கேம் தண்டு உடையவை; டி-வரிசை என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானிலோ, அதே உடலில் எஸ்.ஐ.ஆர். என்ற பெயரோடு பி-வரிசைக் குடும்பத்தின் பி16ஏ என்னும் இரட்டைக் கேம் தண்டு என்ஜினை வைத்து, 170 மெட்ரிக் குதிரைத்திறன் எனக் குறித்து விற்றனர். அமெரிக்கர்க்கு இவ்வண்டி கிடைக்கவில்லை. கடல் கடந்த நாட்டில் தம் வண்டியின் உடன்பிறப்பு இத்துணைத் திறனோடு ஓடுகின்றது என அறிந்த இளைஞர், அதன் என்ஜினை வரவழைத்துத் தம் வண்டியில் வைக்கத் தொடங்கியது இயல்பே. ஆதலின் இதனை வெறும் விபரீத ஆசை என்று தள்ளிவிடுதல் முறையன்று. உடலைச் செய்தவர்களே இந்த என்ஜினுக்கும் இடம் வைத்துச் செய்திருந்தனர். மாற்று என்ஜின் தேடுவோர்க்கு யாம் கூறும் முதல் விதியும் இதுவே: திறனை நோக்கித் தேடாது உறவை நோக்கித் தேடுக. எந்த வண்டிக்கும் அதன் உடன்பிறந்த வண்டிகளில் எவ்வெவ் என்ஜின் வைத்தனர் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இனி, 102 குதிரைத்திறனுக்கும் 170 குதிரைத்திறனுக்கும் உள்ள வேற்றுமை எங்கிருந்து வந்தது? இஃது ஆராயத்தக்கது. டி.எக்ஸ். என்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 133 நியூட்டன் மீட்டர். பி16ஏ என்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 157. வேற்றுமை நூற்றுக்குப் பதினெட்டே. திறனோ மூன்றில் இரண்டு பங்கு மிகுகின்றது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. முன்னது நிமிடத்திற்கு 5,900 சுழற்சியில் தன் உச்சத் திறனை அடைந்து ஓய்ந்துவிடும். பின்னது 7,800 சுழற்சியிலும் மூச்சு முட்டாமல் நிற்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் செய்யும் வேலை சிறிதே மிகுதி. ஆயின் நிமிடத்திற்குள் செய்யும் சுழற்சிகள் மிகப் பல. எனவே, இந்த என்ஜினை வைத்தவுடன் நகரத் தெருவிற் புலிபோலப் பாயும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். மெதுவாகச் சுழலும்பொழுது பழைய என்ஜினுக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை தோன்றாது. விளம்பரங்களில் உச்சத் திறனை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுதல் எம் கருத்தில் அரை உண்மையே.

உயர்ந்த சுழற்சியில் என்ஜினுக்கு மூச்சு முட்டாதிருக்கச் செய்த உபாயம் மிக நேர்த்தியானது. என்ஜின் காற்றை உள்ளிழுத்துப் புகையை வெளிவிடுவது வால்வுகளின் வழியாக. அவ்வால்வுகளைத் திறப்பது கேம் தண்டிலுள்ள முட்டை வடிவான மேடுகள். மேடு தாழ்வாக இருப்பின் மெதுவான ஓட்டம் சீராக இருக்கும். விரைந்த ஓட்டத்திற் காற்றுப் போதாது. மேடு உயர்ந்திருப்பின் விரைந்த ஓட்டம் செம்மையாகும். மெதுவான ஓட்டமோ குலுங்கும். இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றொன்றை இழப்பதே நெடுங்காலமாக இருந்த வழக்கம். ஹோண்டா கம்பெனியார் 1989 இல் இன்டெக்ரா வண்டியின் பி16ஏ என்ஜினில் இரண்டையும் வைத்தனர். ஒவ்வோரிணை வால்வுக்கும் மூன்று மேடுகள்; இரு ஓரங்களில் தாழ்ந்தவை, நடுவில் உயர்ந்தது ஒன்று. மேடுகளுக்கு நேரே மூன்று நெம்புகோல்கள் உள்ளன. மெதுவான ஓட்டத்தில் நடு நெம்புகோல் எவ்வால்வையும் தொடாது வீணே அசையும். நிமிடத்திற்கு ஐயாயிரம் சுழற்சிக்கு மேற்சென்றபின், எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு சிறு முளை நகர்ந்து மூன்று நெம்புகோல்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அக்கணமே உயர்ந்த மேடு ஆட்சியேற்கும். இதற்கு விடெக் என்று பெயர். 1,595 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் 160 மெட்ரிக் குதிரைத்திறன் என, லிட்டருக்கு நூறு என்னும் கணக்கை மேலழுத்தக் கருவி எதுவுமின்றி அந்த முதல் என்ஜின் எட்டியது.

சிவிக் வண்டிக்கு மாற்றாக வைக்கத்தக்கவை பொதுவாக மூன்று. ஒன்று, மேற்கூறிய பி16ஏ. இரண்டாவது, அமெரிக்காவில் 1994 முதல் 2001 வரை இன்டெக்ரா ஜி.எஸ்.ஆர். வண்டியில் வந்த பி18சி1. 1,797 கன சென்டிமீட்டர், 170 குதிரைத்திறன், ஏறக்குறைய 174 நியூட்டன் மீட்டர். சிலிண்டரின் விட்டம் இரண்டற்கும் 81 மில்லிமீட்டரே. பிஸ்டன் ஓடும் தூரம் மாத்திரம் 77.4 லிருந்து 87.2 ஆக நீண்டது. இதன் விளைவைக் கணக்கிட்டு நோக்குதல் மாணவர்க்கு நன்று. நிமிடத்திற்கு 8,000 சுழற்சியில், முன்னதன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 20.6 மீட்டர் ஓடும்; பின்னதன் பிஸ்டன் 23.3 மீட்டர் ஓடும். தெருவில் ஓட்டுவோர்க்குப் பின்னதே உகந்தது. கூடுதலான கொள்ளளவு, மெதுவான ஓட்டத்திலும் கைகொடுக்கும். மூன்றாவது, 2001 க்குப்பின் வந்த கே-வரிசை. இது திறனில் மேம்பட்டது. கே20ஏ2 என்பது 200 குதிரைத்திறன் உடையது. ஆயின் உறவில் தூரத்தது. டி, பி இருவரிசையும் கடிகார முட்களுக்கு எதிர்த்திசையிற் சுழல்வன. கே-வரிசை முட்களின் திசையிலேயே சுழல்வது. ஆதலின் கியர்ப்பெட்டி இடமாறி மறுபக்கம் செல்லும். புகைக்குழாய் முன்னிருந்து பின்னாகும். தாங்கிகள், மின்கம்பிகள், கியர் நெம்புகோல் யாவும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். அவற்றைச் செய்து விற்போர் உளர் என்பது உண்மையே. எனினும் முதன்முறை கைவைப்போர் பி-வரிசையோடு நிற்றல் அறிவுடைமை.

என்ஜினைத் தெரிந்தபின் வாங்குதல். இங்கு இரண்டு செய்திகளை அழுத்திக் கூற வேண்டியிருக்கிறது. முதலாவது, சட்டம். கலிபோர்னியாவிற் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. மாற்றி வைக்கும் என்ஜின் வண்டியின் ஆண்டிற்கு முற்பட்டதாக இருத்தலாகாது. அந்நாட்டுச் சட்டத்திற்கு இணங்கி விற்கப்பட்ட வகையாக இருத்தல் வேண்டும். அதனோடு வந்த புகை சுத்திகரிக்கும் உறுப்புக்கள் அனைத்தும் உடன் வைக்கப்பட வேண்டும். அரசாங்கத்தின் நடுவர் நேரிற் பார்த்து ஒப்பினால் வண்டியில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டுவார். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த என்ஜின் விலையில் மலிவாயினும், அமெரிக்காவில் விற்கப்பட்ட வகையோடு அது ஒத்ததென்று காட்ட இயலாவிடின் இச்சீட்டுக் கிட்டாது. மேலும், 1996 முதல் அமெரிக்க வண்டிகளில் இரண்டாம் தலைமுறைப் பரிசோதனை முறை கட்டாயமாயிற்று. அவ்வாண்டிற்குப் பிற்பட்ட என்ஜின் எடுப்பின் அம்முறையின் உறுப்புக்களும் தொடர்ந்து வரவேண்டும். ஆதலின் 1993 ஆம் ஆண்டு வண்டிக்கு 1994 அல்லது 1995 ஆம் ஆண்டின் ஜி.எஸ்.ஆர். என்ஜினோ, அதே ஆண்டுகளில் சிவிக்கின் உடன்பிறப்பாகிய டெல் சோல் வண்டியின் விடெக் வகையில் வந்த 160 குதிரைத்திறன் என்ஜினோ ஏற்றதாகும்.

இரண்டாவது, களவு. 1990 களின் சிவிக்கும் அக்கார்டும் அமெரிக்காவில் திருடு போன வண்டிகளின் பட்டியலிற் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றவை. இன்டெக்ரா வண்டிகளும் அவ்வாறே வேட்டையாடப்பட்டன. அவை ஏன் திருடப்பட்டன? வண்டியாக ஓட்டுதற்கன்று, என்ஜினும் கியர்ப்பெட்டியும் ஆசனங்களும் பிரித்து விற்றற்கே. எனவே, சந்தையிற் பாதி விலைக்கு ஒருவன் கொண்டுவரும் நல்ல என்ஜினின் பின்னே, காலையில் எழுந்து வாயிலில் வண்டியைக் காணாது திகைத்து நின்ற ஒருவர் இருக்கக் கூடும். என்ஜினின் உலோக உடலில் அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் தேய்க்கப்பட்டிருப்பினும், விற்பவர் ரசீது எழுதத் தயங்கினும், அவ்விடத்தை விட்டு நீங்குக. எண்ணும் ரசீதும் உள்ள என்ஜினை, உரிமம் பெற்ற உடைப்புக் கூடத்தில், விலை சற்று மிகினும் வாங்குக. இதனை எம் நண்பருக்கு எழுதிய கடிதத்திற் கோடிட்டு எழுதினோம்.

என்ஜின் வருமுன் உடலைச் செப்பனிட வேண்டும். பலர் இவ்வரிசையை மாற்றி, என்ஜினை வைத்த பின்னரே துருவை நோக்குவர். ஈ.ஜி. வண்டிகளில் துரு பிடிக்கும் முதலிடம் பின்சக்கரங்களின் மேல்வளைவு. உட்புறத் தகடும் வெளிப்புறத் தகடும் சேரும் விளிம்பில் ஈரம் தங்கி, வெளியே ஒரு சிறு கொப்புளம் தோன்றும்பொழுது உள்ளே உள்ளங்கையளவு அரித்திருக்கும். அதன்மேற் பட்டி பூசிச் சாயமடித்தல் புண்ணைத் துணியால் மூடுதல் போன்றது. அரித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, உட்குழிவில் மெழுகுக் காப்புத் தெளித்தலே டிங்கர் வேலையின் முறை. அடுத்து, பின்சக்கரத்தின் நீண்ட கையைத் தாங்கும் பெரிய ரப்பர் புஷ்கள். இவை முப்பது ஆண்டில் கிழியாதிருப்பது அபூர்வம். கிழிந்தால் வளைவுகளில் வண்டியின் பின்புறம் தன்னிச்சையாக அசையும். எழுபது குதிரைத்திறனில் இக்குறை தோன்றாமல் மறைந்திருக்கும். திறன் இருமடங்கானால் வெளிப்படும். இன்னொன்று, மிகச் சிறியது: எரிபொருள் பம்பிற்கு மின்சாரம் விடும் முதன்மை ரிலே. இதன் உள்ளே பற்றாசு வைத்த இடங்கள் நாளடைவில் வெடித்து, வெயிலில் நின்ற வண்டி கிளம்பாது அடம் பிடிக்கும். மாலையிற் குளிர்ந்தபின் ஒன்றுமறியாததுபோற் கிளம்பும். என்ஜினையே சந்தேகித்துப் பெரும்பொருள் செலவிட்டோர் உண்டு. பெட்டியைத் திறந்து மீண்டும் பற்றாசு வைத்தால் கால்மணி நேரத்தில் தீரும் நோய் இது.

வாங்கிய என்ஜினையும் அப்படியே தூக்கி வைத்தல் கூடாது. தரையில் இருக்கும்பொழுது ஒரு மணி நேரத்திற் செய்யும் வேலை வண்டியினுள் ஒரு நாள் பிடிக்கும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒத்திருக்கின்றதா என்று அளக்க வேண்டும். டைமிங் பெல்ட், அதன் இறுக்குச் சக்கரம், தண்ணீர்ப் பம்பு, எண்ணெய் கசியும் வளையங்கள் இவற்றைப் புதிதாக மாற்ற வேண்டும். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் எழுந்து திறந்திருக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கும்பொழுது என்ஜினை அதன் சொந்தத் திசையில், அஃதாவது எதிர்க்கடிகாரத் திசையில் மாத்திரமே சுழற்ற வேண்டும். வேறு கம்பெனி என்ஜின்களிற் பழகிய மெக்கானிக்குகள் கைவழக்கத்தால் மறுதிசையிற் சுழற்றிவிடுதல் உண்டு.

பொருத்தும் வேலை, கேட்போர் அஞ்சுமளவு கடினமன்று. இடப்பக்கத் தாங்கியையும் பின்புறத் தாங்கியையும் 1994 க்குப் பிற்பட்ட இன்டெக்ராவிலிருந்தோ டெல் சோல் விடெக்கிலிருந்தோ எடுத்துக்கொண்டால், உடலில் வெட்டோ பற்றவைப்போ தேவையில்லை. துளைகள் தாமே நேர்படும். பழைய கியர்ப்பெட்டி புதிய என்ஜினோடு சேராது. பி-வரிசைக்கு உரியதையே வைக்க வேண்டும். அதிலும் 1994 க்கு முற்பட்ட இன்டெக்ராவின் பெட்டி கம்பியால் இழுக்கும் கிளச்சு உடையது. நம் சிவிக்கில் உள்ளதோ எண்ணெயழுத்தக் கிளச்சு. ஆகவே பிற்பட்ட பெட்டியே வேண்டும். கியர் நெம்புகோலின் கீழுள்ள தண்டுகளையும் உடன் வாங்குக.

சக்கரங்களுக்குத் திறனைக் கொண்டு செல்லும் அச்சுக்களைப் பற்றிச் சிறிது விளக்குவோம். குறுக்காக வைத்த என்ஜினின் முனையிற் கியர்ப்பெட்டியைச் சேர்க்கும் அமைப்பை 1964 இல் இத்தாலியின் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்னும் வண்டியில் ஜியாகோசா என்ற எஞ்சினீயர் வெற்றிபெறச் செய்தார். அதற்கு ஐந்தாண்டு முன் வந்த இங்கிலாந்தின் மினியில் கியர்ப்பெட்டி என்ஜினுக்கு அடியில் இருந்தது. ஜியாகோசாவின் அமைப்பே பின்னர் உலகெங்கும் பரவியது. அதில் ஒரு குறை உண்டு: பெட்டி ஒரு பக்கம் ஒதுங்கியிருத்தலின் ஓரச்சு நெடிதும் மற்றொன்று குறிதுமாக இருக்கும். திறன் சிறிதாயின் கேடில்லை. திறன் மிகும்பொழுது நீண்ட அச்சு மிகுதியாக முறுகும். இரண்டும் வேறுவேறு கோணத்தில் நிற்கும். முடுக்கியவுடன் ஸ்டியரிங் ஒரு பக்கமாகக் கையைப் பறித்துக்கொண்டு போகும். ஹோண்டா கம்பெனியார் பி-வரிசையில் என்ஜினின் பக்கத்தில் ஓர் இடைத்தண்டைத் தாங்கியோடு வைத்து, அதன்பின் இரு அச்சுக்களையும் ஏறக்குறையச் சமமாக்கினர். செலவை அஞ்சி இவ்விடைத்தண்டை விட்டுவிட எண்ணுவது தவறு.

மின்கம்பி வேலையைக் கண்டே பெரும்பாலோர் நடுங்குவர். உண்மையில், ஒரே காலத்து ஹோண்டா வண்டிகளுக்குள் பெரும்பாலான கம்பிகள் ஒத்தவை. சி.எக்ஸ்., டி.எக்ஸ். வகைகளில் இல்லாதவை சிலவே: விடெக் எண்ணெய்வழியைத் திறக்கும் மின்திறப்பானுக்கு ஒரு கம்பி, எண்ணெயழுத்தம் வந்ததென அறிவிக்கும் விசைக்கு ஒன்று, என்ஜினுள் தட்டொலி எழுந்தால் உணரும் உறுப்புக்கு ஒன்று, ஜி.எஸ்.ஆர். ஆயின் காற்றுவழியின் இரண்டாம் வாயிலைத் திறப்பதற்கு ஒன்று. இவற்றை என்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டியின் உரிய துளைகளிற் சேர்க்க வேண்டும். அப்பெட்டியும் அந்த என்ஜினுக்கே உரியதாதல் வேண்டும், ஜி.எஸ்.ஆர். இன் முற்பட்ட ஆண்டுகளுக்கு பி72 என்று குறித்தது. கம்பிகளை முறுக்கி நாடா சுற்றிவிடாமல், பற்றாசு வைத்தோ நெரித்துச் சேர்த்தோ காப்புக் குழல் போடுக. பின்னாளில் எவரோ ஒருவர் இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு இதனைப் பார்க்கப் போகிறார்.

இனி, பிரேக்கு. இக்கட்டுரை எழுதப் புகுந்ததே இதன்பொருட்டு என்னலாம். என்ஜின் மாற்றியவர் பலர் பிரேக்கை மாற்றுவதனைப் பின்னைக்குத் தள்ளிவிடுகின்றனர். பணம் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரோடு வண்டியின் எடை 1,030 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3.97 இலட்சம் ஜூல். 130 கிலோமீட்டர் வேகத்தில் 6.72 இலட்சம் ஜூல். வேகம் மிகுந்தது நூற்றுக்கு முப்பது. ஆற்றல் மிகுந்ததோ நூற்றுக்கு அறுபத்தொன்பது. பழைய என்ஜினோடு 130 ஐ எட்டுதற்கு நெடிய சாலை வேண்டும். புதியதோடு, இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட சாலையே போதும். அவ்வாற்றல் முழுதும் வண்டி நிற்கும்பொழுது வெப்பமாக மாறியே தீர வேண்டும். அதில் நூற்றுக்கு எழுபது முன் பிரேக்குத் தட்டுக்கள் இரண்டிலும் சேர்வதாகவும், ஒவ்வொன்றும் நான்கு கிலோகிராம் இரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் தட்டின் வெப்பம் ஏறக்குறைய 130 பாகை சென்டிகிரேடு உயரும். ஆறுமுன் மற்றொரு நிறுத்தம், பின்னும் ஒன்று. வெப்பம் படிப்படியாக மேலேறும். இவ்வெப்பம் பிரேக்கு எண்ணெயை எட்டுகிறது. டாட் 3 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கும்பொழுது 205 பாகையில் கொதிப்பது. ஈரம் உறிஞ்சிப் பழையதானால் 140 பாகையிலேயே கொதிக்கத்தக்கது. கொதித்தால் எண்ணெய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். எண்ணெய் அழுந்தாதது, ஆவி அழுந்துவது. ஆகவே மிதித்த பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை செல்லும். வண்டியோ நில்லாது ஓடும்.

சி.எக்ஸ்., டி.எக்ஸ். வகைகளில் முன்தட்டின் விட்டம் 240 மில்லிமீட்டர், பின்சக்கரத்தில் டிரம். இன்டெக்ராவின் முன்தட்டு 262 மில்லிமீட்டர், பின்னும் தட்டே. விட்டத்தின் மிகுதி ஒன்பது விழுக்காடு எனச் சிறிதாகத் தோன்றினும், வெப்பம் தாங்கும் இரும்பின் அளவும் அதனோடு மிகுகின்றது. இன்டெக்ராவின் உறுப்புக்களை முன்னும் பின்னும் முழுமையாகப் பொருத்தி, பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தை முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் பங்கிடும் வால்வையும் தட்டுப் பிரேக்குக்குரியதாக மாற்ற வேண்டும். இவ்வால்வை மறப்போர் பலர். பங்கீடு பிழையாகிப் பின்சக்கரங்கள் முதலிற் பூட்டிக்கொண்டால், அவை பக்கவாட்டுப் பிடிப்பை இழக்கும். வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். முன்சக்கரங்கள் முதலிற் பூட்டிக்கொண்டால் திரும்ப இயலாதேனும் வண்டி நேரே செல்லும். இரண்டனுள் எது உயிர் காக்கும் என்பது விளங்கும். கையிலுள்ள பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமாயின், இவ்வாண்டு பிரேக்கும் டயரும், அடுத்த ஆண்டு என்ஜின் என வைத்துக்கொள்ளுமாறு நண்பருக்கு எழுதினோம். அவர் மனைவியார் இவ்வரியைப் படித்து மகிழ்ந்ததாகப் பதில் வந்தது.

பொருத்தத்தான் வேண்டுமா என்ற அவருடைய வினாவிற்கும் விடை கூற வேண்டும். எல்லா வண்டிக்கும் வேண்டாம் என்பதே எம் துணிபு. ஈ.ஜி. வண்டிகளுள் வி.எக்ஸ். என்று ஒரு வகை இருந்தது. 92 குதிரைத்திறனே உடைய அதன் என்ஜின், எரிபொருள் குறைந்த கலவையை எரித்து, மிகச் சொற்பப் பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடுதற்கென்றே இயற்றப்பட்டது. விடெக்கின் தத்துவத்தையே திறனுக்கன்றிச் சிக்கனத்திற்குப் பயன்படுத்திய அருமையான படைப்பு அது. சிதையாத வி.எக்ஸ். ஒன்று கிடைத்து, அதன் என்ஜினை எடுத்தெறிவார் உளராயின், அவர்பால் எமக்கு இரக்கமே தோன்றும். நண்பருடையது அடிபட்டு, என்ஜினில் எண்ணெய் புகையும் சி.எக்ஸ். ஆதலின் யாம் தடை சொல்லவில்லை.

நம் நாட்டு மாணவர்க்கும் ஒன்று கூற வேண்டும். இத்தலைமுறைச் சிவிக் இந்தியாவில் விற்கப்பட்டதன்று. வேறு பழைய வண்டிகளில் இதனைச் செய்து பார்க்க எண்ணுவோர், 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவை முதலிற் படிக்கவும். தயாரித்தவர் குறித்த மூல விவரங்களினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றுதலை அது தடுக்கின்றது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. அங்கீகாரம் பெற்ற கருவிகளைக் கொண்டு எரிவாயுவிற்கோ மின்சாரத்திற்கோ மாற்றுதற்கு அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே இங்குச் செய்யத்தக்கது மீட்டல் வேலையே. அதுவும் சிறிய கல்வியன்று.

எஞ்சியது முதல் தொடக்கம். எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, தண்ணீர்வழியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுக. பின் தீப்பொறியையும் எரிபொருளையும் நிறுத்திவைத்து, எண்ணெயழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மாத்திரம் என்ஜினைச் சுழற்றுக. நெடுங்காலம் உலர்ந்து கிடந்த தாங்கிகளுக்கு எண்ணெய் சென்று சேருமுன் தீயை மூட்டலாகாது. தொடங்கியபின் வெப்பமானியையும் கசிவுகளையும் நோக்கியவாறு நிற்க. தெருவில் இறக்குமுன் பிரேக்கை முற்றத்திலேயே பலமுறை சோதிக்க. முதல் வாரத்தில் தாங்கிகளின் திருகுகளையும் அச்சு முனையின் நட்டுக்களையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க. அதன்பின்னரே நடுவரிடம் கொண்டு செல்க. எடுத்த பழைய என்ஜினை விற்றுவிட வேண்டாம். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்குகளைத் திருகி மூடி, காற்றுவழிகளைத் துணியால் அடைத்து, எண்ணையும் கழற்றிய நாளையும் எழுதிய அட்டையொன்றைக் கட்டி, கொட்டகையின் ஈரமில்லாத மூலையில் மரக்கட்டையின்மேல் வைக்க.